பச்சை வானமும் எத்திராஜின் ரசமும்

எத்திராஜ் நான்கு முறை நார்வே போய் வந்தவர். பெங்களூர் தொம்மலூரின் பழைய ஊருக்குள் பாஸ்போர்ட்டில் அத்தனை முத்திரை வாங்கின ஆள் வேறு யார் என்று கேட்டால், மாடி வீட்டில் குடியிருக்கும் ஐ.டி. பிள்ளைகள்கூட கொஞ்சம் யோசிப்பார்கள். நார்வே என்றால் சும்மா இல்லை. வடக்குக் கோடியில், குளிர்காலத்தில் சூரியன் வரலாமா வேண்டாமா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஒரு துறைமுக ஊர். அங்கே ராத்திரி வானத்தில் பச்சையும் ரோஸும் சிவப்புமாக வெளிச்சம் ஆடும். அதைப் பார்க்கத்தான் உலகம் பூராவும் இருந்து ஜனங்கள் வந்து பனியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான்கு முறை போன எத்திராஜ் அதை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. எத்திராஜ் பயணி இல்லை, சமையல்காரர். பெங்களூரிலிருந்து வெளிநாட்டுக்கு ஆள் கூட்டிப்போகிற ஒரு டூர் கம்பெனியில் அவருக்கு வேலை. இருபது பேர் கொண்ட குழு, எல்லாரும் சைவம், பத்து நாளைக்கு ரொட்டியும் சீஸும் தின்றால் பாதிப் பேர் நடுவழியிலேயே அழுதுவிடுவார்கள். அதனால் புளி, பருப்பு, பெருங்காயம், அப்பளம் எல்லாவற்றோடும் எத்திராஜும் ஒரு சாமானாகக் கூடப் போவார்.

கம்பெனி முதலாளி ஞானசேகரன், எத்திராஜுக்கு இன்று நேற்றுப் பழக்கமில்லை. தொம்மலூரில் இருவருக்கும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்பில் இருவரும் சேர்ந்தே பெயில். ஞானசேகரன் முதன்முதலில் ஒரு வாடகை வேனில் திருப்பதிக்கு ஆள் கூட்டிப்போனபோது புளியோதரை கட்டிக் கொடுத்தது எத்திராஜ்தான். அன்றிலிருந்து முப்பது வருஷம். பயணிகள் முன்னால் எத்திராஜ் அவரை "சார்" என்பார். தனியாக இருக்கும்போது "ஞானம்", கோபம் வந்தால் "டேய் ஞானம்." அவ்வளவுதான் இருவருக்கும் நடுவில் மரியாதை.

முதல் தடவை, 2019இல், எத்திராஜுக்கு அந்த வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அங்கே தங்கின விடுதியில் இருந்த இண்டக்‌ஷன் அடுப்போடு மல்லுக்கட்டவே நேரம் சரியாகிவிட்டது. அவர் கொண்டுபோன அலுமினிய அண்டாவை அந்த அடுப்பு சீண்டவே இல்லை, சூடே ஏறவில்லை. இரும்புச் சட்டி ஒன்று வாங்கி, கடுகும் மிளகாயும் தாளித்தால், கூரையில் இருந்த புகை மணி ஊரையே கூட்டிவிட்டது. தீயணைப்பு வண்டி வந்து, ஆறடி உயரத்தில் நான்கு வெள்ளைக்காரர்கள் தும்மிக்கொண்டே சமையலறையைச் சோதித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஜன்னலைத் திறந்துவைத்து, மைனஸ் பதினைந்து குளிரில், குல்லாய் போட்டுக்கொண்டுதான் தாளிப்பு.

அந்த முதல் பயணத்தில்தான் அவர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். வெளிச்சம் பார்க்கப் போன பஸ் அதிகாலை இரண்டு மணிக்குத் திரும்பியது. ஜனங்கள் விறைத்துப்போய் மாடி ஏறினார்கள். ஐயோ பாவம் என்று எத்திராஜ் எழுந்து, யாரும் கேட்காமலே, மிளகைத் தட்டிப்போட்டு ஒரு ரசம் வைத்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். ஒரு அம்மாள் குடித்துவிட்டு அழுதேவிட்டாள். வானத்தைப் பார்த்தபோதுகூட அவள் அழவில்லையாம்.

அடுத்த விளம்பரத்தில் ஞானசேகரன் அதைக் கொட்டை எழுத்தில் போட்டார்: ‘எத்தனை மணிக்குத் திரும்பினாலும் கொதிக்கக் கொதிக்க ரசம்!’ ஆயிற்று. அதோடு எத்திராஜ் பஸ்ஸில் ஏறுகிற பேச்சே இல்லாமல் போயிற்று. பஸ் போனால் ரசம் கொதிக்க வேண்டும், ரசம் கொதிக்க வேண்டுமென்றால் எத்திராஜ் அடுப்பண்டை இருக்க வேண்டும். வாசலில் நின்று பார்க்கலாம் என்றால் அந்த ஊரில் கடல் மேகம் போர்வை மாதிரி மூடிக்கிடக்கும். பஸ் இரண்டு மணி நேரம் உள்நாட்டுக்கு ஓடி, மேகம் விலகின இடமாகப் பார்த்துத்தான் நிற்கும்.

2023இல் தன்னையும் ஒரு ராத்திரி பஸ்ஸில் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டார். "அடுத்த தபா கண்டிப்பாடா எத்தி" என்றார் ஞானசேகரன். 2024இல் கேட்டார். "இந்த பேட்ச்ல பேஜார் புடிச்ச ஆளுங்கடா, அடுத்த தபா சத்தியமா." சத்தியம் என்றதும் எத்திராஜ் நம்பினார். சின்ன வயசுச் சிநேகிதன் சொன்னால் நம்பாமல் வேறு என்ன செய்வது?

2025 பிப்ரவரிப் பயணத்துக்கு ஒரு விசேஷம் இருந்தது. குழுவில் மல்லேஸ்வரத்து ஸ்ரீகண்டன் இருந்தார். மாநிலப் பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் விளக்காமல் விடமாட்டார். காய் நறுக்கிக்கொண்டிருந்த எத்திராஜுக்கும் விளக்கினார்.

"எத்திராஜ், சூரியனுக்கு பதினோரு வருஷத்துக்கு ஒரு தரம் கொதி வரும். அங்கேருந்து வர்ற துகள்தான் இங்க காத்துல மோதி பச்சையா தெரியறது. இப்போ உச்சம். இனிமே கொதி கொஞ்சம் கொஞ்சமா அடங்கிடும். மறுபடி இவ்வளவு நன்னா பாக்கணும்னா பதினோரு வருஷம் ஆகும்."

கொதி அடங்குவது எத்திராஜுக்குத் தெரியாததா? அவருக்கு வயது ஐம்பத்தாறு. பதினொன்றைக் கூட்டிப் பார்த்தார். அறுபத்தேழு வயதில் யார் தன்னை அண்டா தூக்கிக்கொண்டு நார்வேக்கு வா என்று கூப்பிடப்போகிறார்கள்? அன்று சாயங்காலமே ஞானசேகரனை ஓரங்கட்டினார்.

"டேய் ஞானம், இந்த தபா நான் பாத்தே ஆவணும். ரசத்த பிளாஸ்க்ல ஊத்தி வெச்சிட்டு வரேன்."

ஞானசேகரன் தலையாட்டினார். பிளாஸ்க் ரசத்தை அடுத்த ராத்திரி சோதித்தும் பார்த்தார்கள். ஸ்ரீகண்டனின் மனைவி மங்களம் மாமி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "பிளாஸ்க் வாடை வரதே! அடுப்பிலேருந்து நேரா ஊத்தறதுதான் ருசி. அதுக்காகத்தானே இந்தக் கம்பெனில வந்தோம்?" ஞானசேகரன் அந்த டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தார். இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்தார் எத்திராஜ். ஆனால் கடைசி நாள் காலையில் ஞானசேகரனே வந்து தோளைத் தட்டினார். "இன்னிக்கு நீ வர. வாடை வந்தா வந்துட்டுப் போவுது. பஸ் ஒம்போதரைக்கு. ரெடியா இரு."

எத்திராஜ் கல்யாண மாப்பிள்ளை மாதிரி தயாரானார். இரண்டு பனியன், இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் கம்பெனியின் சிவப்பு ஜாக்கெட். ஊரில் மனைவி அன்னம்மாளைக் கூப்பிட்டு, அவள் தூக்கக் கலக்கத்தில் என்ன ஏது என்று கேட்குமுன்பே, "இன்னிக்கு பாத்துருவேன்டி" என்று சொல்லிவைத்தார். ஒன்பது மணிக்கெல்லாம் கீழே இறங்கிவிட்டார். தெருவில் பொடிப்பனி தூறிக்கொண்டிருந்தது. பஸ் நிற்கிற இடத்தில் பஸ்ஸும் இல்லை, ஆளும் இல்லை, சக்கரத் தடத்தின் மேல் பனி மூடிக்கிடந்தது. ஞானசேகரனுக்கு ஆறு முறை போன் போட்டார், எடுக்கவில்லை. பத்து மணிக்கு ஒரு குரல் செய்தி வந்தது: "டிரைவர் எட்டரைக்கே கெளப்பிட்டான்டா எத்தி. எங்கியும் மேகந்தான், நீ ஒண்ணும் மிஸ் பண்ல."

எத்திராஜ் மாடிக்கு வந்து ஒவ்வொரு துணியாகக் கழற்றினார். பிறகு என்ன செய்வது, பருப்பைக் களைந்து அடுப்பில் வைத்தார்.

பஸ் இரண்டே முக்காலுக்கு வந்தது. இருபது பேரும் முகம் சிவந்து, தலை குனிந்து உள்ளே வந்தார்கள். வழக்கமாகச் சந்தைக் கடை மாதிரி சத்தம் போடுகிற கூட்டம், அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"இன்னா சார், பாத்தீங்களா?" என்று கேட்டார் எத்திராஜ்.

ஞானசேகரன் கையை விரித்தார். "மேகம்டா. மூணு நாட்டு எல்லை வரைக்கும் போய் பாத்தாச்சு. ஒரு பொட்டு தெரில."

உள்ளதைச் சொன்னால், அந்தக் கணத்தில் எத்திராஜின் மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் குபுக்கென்று எழும்பியது. தான் மட்டும் ஏமாறவில்லை, எல்லாருக்கும் இல்லை. அடுத்த கணமே அவருக்கு வெட்கமாகிவிட்டது. அத்தனை தூரம் வந்து, கடைசி ராத்திரி வெறுங்கையோடு திரும்பிய ஜனங்களைப் பார்த்தா சந்தோஷப்படுவது? அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாக ரசத்தோடு நிறுத்தாமல் சாதம் வடித்தார், அந்த நேரத்தில் எண்ணெய் காயவைத்து நாற்பது அப்பளம் பொரித்தார். குழுவில் சின்னவளான லாவண்யா, ராணிப்பேட்டையிலிருந்து வந்து ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிற பெண், சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். பாவம், மனசு உடைந்துபோயிருக்கிறது என்று அவள் அறைக்கு மிளகுப்பால் கொடுத்தனுப்பினார். எல்லாரும் போன பிறகு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த ஞானசேகரனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "விடுறா. வானத்துக்கு நீ இன்னா பண்ணுவ? கவலப்படாத." ஞானசேகரனும் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

தொம்மலூருக்குத் திரும்பிய பிறகு எத்திராஜ் நிம்மதியாகவே இருந்தார். பார்க்கவில்லை என்ற குறை இருந்ததுதான். ஆனால் அதில் இருபது பேர் கூட்டு இருந்தார்களே. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், "இன்ஜினீயருக்கே காட்டாத வானம் எனக்கா காட்டப்போவுது?" என்று சிரித்துவிட்டுப் போவார்.

ஏப்ரலில் மல்லேஸ்வரத்தில் சந்திப்பு விருந்து வைத்தார்கள். டூர் போய் வந்தவர்கள் இரண்டு மாதம் கழித்து ஒன்றுகூடி, போட்டோக்களை டி.வி.யில் போட்டுப் பார்த்து, சாப்பிட்டுக் கலைவது அந்தக் கம்பெனியின் வழக்கம். ஸ்ரீகண்டனின் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் ஏற்பாடு. சமையல் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எத்திராஜ் பின்கட்டில் வடை தட்டிக்கொண்டிருந்தார். கூடத்தில் படம் ஓடுகிற சத்தம் கேட்டது. கலைமான் வண்டி, பனிச்சறுக்கு, யாரோ விழுந்தது, அதற்கு ஒரு சிரிப்பு. சூடாக ஒரு தட்டு வடையோடு அவர் கூடத்துக்குள் நுழைந்தபோது லாவண்யாவின் போனை டி.வி.யோடு இணைத்திருந்தார்கள். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக ஓடிக்கொண்டிருந்தன. அடுத்து ஒரு வீடியோ வந்தது.

டி.வி. முழுக்க வானம். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பச்சை வெளிச்சம் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. கீழ்க்கரையில் ரோஸ் நிறம், சரிகை வைத்த மாதிரி. அது அசைந்தது, சுருண்டது, நடுவானத்தில் வெடித்து நாலா பக்கமும் சிவப்பாக வழிந்தது. எத்திராஜ் கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். "அப்பாடி!" என்று வாய்விட்டே சொன்னார். இதுதானா, இத்தனை பெரியதா என்று கண் நிறைந்துபோயிற்று. வேறு எங்கோ, வேறு யாரோ எடுத்த படம் என்றுதான் அவர் நினைத்தார்.

பிறகு போன் கீழே திரும்பியது. பனியில் சிவப்பு ஜாக்கெட் போட்ட இருபது பேர் கத்திக்கொண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருந்தார்கள். மங்களம் மாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து நின்றாள். அவர்களுக்கு நடுவில் ஞானசேகரன் கையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டார். குரல் துல்லியமாகக் கேட்டது.

"சார், மேடம், எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க! ரூமுக்குப் போனதும் எத்திராஜ்கிட்ட மட்டும் வாயத் தொறக்காதீங்க. பஸ் ஒம்போதரைக்குன்னு சொல்லி அவன உட்டுட்டு வந்துட்டேன். கேட்டா மேகம், ஒண்ணும் தெரிலன்னு சொல்லுங்க. அவன் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினா நமக்குத்தான் கஷ்டம்!"

"மொதல்ல ரசம் போயிடும்!" என்றது மங்களம் மாமியின் குரல்.

இருபது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு மேலே வானம் பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது.

லாவண்யா போனை அணைக்கப் பார்க்கிறாள், அணையமாட்டேன் என்கிறது. "ஐயோ அண்ணா… அண்ணா…" என்று மட்டும் சொன்னாள். ஞானசேகரன் சுவரைப் பார்த்தார்.

ஸ்ரீகண்டன்தான் எழுந்தார். "எத்திராஜ், தப்பா எடுத்துக்காதீங்கோ. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் நாங்க எல்லாரும்…"

"மனசு கஷ்டப்படக் கூடாதுன்னா சிரிச்சீங்க சார்?"

ஸ்ரீகண்டனால் அதற்கு விளக்கம் சொல்ல முடியவில்லை. எத்திராஜ் வடைத் தட்டை மேஜைமேல் வைத்தார். "சாப்டுங்க, ஆறிடும்" என்றார். உள்ளே போய் எண்ணெய்ச் சட்டியின் அடுப்பை நிறுத்தி, கை கழுவி, பின்வாசல் வழியாக வெளியே வந்து பஸ் ஏறினார். "எல்லிகே?" எங்கே போகணும் என்று கண்டக்டர் கன்னடத்தில் கேட்டது இரண்டாம் முறைதான் அவர் காதில் விழுந்தது. தொம்மலூர் என்று சொல்ல வாய் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது, சிரமப்பட்டுச் சொன்னார்.

வீட்டில் அன்னம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கோபத்தில் குதித்தாள். "நல்லா இருப்பானா அவன்? இரு, நானே போயி அவன் வூட்டு வாசல்ல நின்னு நாலு வார்த்தை கேக்கறேன்!" அவளை உட்காரவைப்பதே பெரும்பாடாகிவிட்டது. எத்திராஜ் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. கண்ணை மூடினால் பச்சை வானம் வந்தது. அது வந்தால் அந்தச் சிரிப்பும் கூடவே வந்தது. ஆசைப்பட்டுப் பார்த்த ஒன்றை மறக்க முடியாமல் திண்டாடுவது என்ன கொடுமை!

மூன்றாம் நாள் காலை ஞானசேகரன் வந்தார். கையில் பழப்பை, முகத்தில் இரண்டு நாள் தாடி. தானாகவே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், அது அவருக்கு முப்பது வருஷமாகப் பழகின நாற்காலி. அன்னம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எத்தனை கோபம் இருந்தாலும் வீட்டுக்கு வந்தவனுக்குக் காபி வைக்கப் பழகின கை, பாலை அடுப்பில் ஏற்றியது.

"எத்தி, நான் பண்ணது தப்புதான்" என்று ஆரம்பித்தார் ஞானசேகரன். "அந்தம்மா பிளாஸ்க் வாடைன்னு சொன்னதும் பயந்துட்டேன். நாலு பேர்கிட்ட போயி சொன்னா பேரு கெட்டுடும்னு. இப்ப கேளு. வர்ற டிசம்பர்ல உன்ன கூட்டிக்கினு போறேன். சமையல்காரனா இல்ல, பாசெஞ்சரா. வேற ஆள அடுப்புல நிறுத்தறேன். மொத சீட்டு உனக்கு. நீ பாத்தே ஆவணும்டா."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அன்னம்மாளுக்கு ஒரு நிமிஷம் மனசு இளகியதும் உண்மை. புருஷன் எதற்காக ஆறு வருஷம் ஏங்கினானோ அது வாசல் தேடி வந்திருக்கிறது. ஒத்துக்கொண்டால் என்ன என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

எத்திராஜ் தலையை ஆட்டி மறுத்தார்.

"வேணாம் ஞானம். அங்க நின்னு அண்ணாந்து பாத்தா, எனக்கு வானம் தெரியாது. நீங்க எல்லாம் சிரிச்சதுதான் கேக்கும்."

"டேய், பழசெல்லாம்…"

"இரு, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பஸ்ல உட்டுட்டுப் போன, சரி. டைமு மாத்தி சொன்ன, அதுவும் சரி. வேலை, கம்பெனி, பேரு, எல்லாம் புரியுது எனக்கு. ஆனா நீ வந்து மேகம்னு சொன்னப்போ நான் உன்ன கட்டிப் புடிச்சிக்கினேன். கவலப்படாதன்னு உனக்கு நான் சொன்னேன். அப்போ நீ என் முதுக தட்டிக் குடுத்த. அத எப்படிடா செஞ்ச?"

ஞானசேகரன், பொய் சொல்லவும் தெம்பில்லாமல், உள்ளதைச் சொன்னார்.

"ரொம்ப குளிருடா எத்தி… எல்லாருக்கும் பசி."

பசி என்று யார் வந்து நின்றாலும் எத்திராஜ் இதுவரை இல்லை என்று சொன்னதில்லை. ஆள் தெரியாது, நேரம் தெரியாது, போட்டுவிட்டுத்தான் பேர் கேட்பார். அன்று அவர் எழுந்து பழப்பையை எடுத்து ஞானசேகரன் கையிலேயே கொடுத்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"அன்னம்மா, பால எறக்கிடு. சார் கெளம்பறாரு."